சுகவனிதையர் கிளினிக்: மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு போனவளின் மதிப்புரை

திருகோணமலை மாவட்டத்தில் உள்ள ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிப்பதற்காக நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குக்கு இந்த ஆண்டு இரண்டு தடவை சென்று வந்தேன். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் எந்தப் பிரிவு என்பதைக் குறிப்பிடவில்லை. அங்கே பணிபுரிபவர்கள் அக்கறையானவர்கள், குறைகளில் பல அவர்களுடைய கைக்குள் அடங்கியவையும் அல்ல. எனக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. என் வயதுப் பெண்களிற் பலர் இந்தக் கிளினிக் இளம் தாய்மாருக்கு உரியது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னைப் போக வைத்தது அக்காவின் மாத்திரை. என்னைவிட ஐந்து வயது மூத்த அவருக்கு 58 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சையும் மட்டக்களப்பில் மற்றச் சிகிச்சைகளும் முடிந்து, இப்போது மூன்றாவது வருடமாக லெட்ரோசோல் என்ற மாத்திரையைத் தினமும் ஒன்று விழுங்குகிறார். அது ஹோர்மோனைக் குறைக்கும் மாத்திரை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எட்டு வருடங்களுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோன ஒருவரின் உடலில் குறைப்பதற்கு என்ன ஹோர்மோன் மிஞ்சியிருந்தது என்று நான் கேட்டபோது, வீட்டிலும் அயலிலும் ஒருவரிடமும் பதில் இல்லை. அக்காவுடன் கிளினிக்குகளுக்குப் போன நாட்களில் அந்தச் சன நெரிசலில் டொக்டரை நிறுத்தி இதைக் கேட்கவும் மனம் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் சுகவனிதையர் கிளினிக்கின் வாங்கிலில் போய் உட்கார்ந்தேன்.

இந்தச் சேவை இலங்கையில் 1996இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம். 35 வயதையும் 45 வயதையும் எட்டும் பெண்களைக் குடும்ப நல உத்தியோகத்தர்கள், அதாவது நாங்கள் மிட்வைஃப் மிஸ்ஸி என்று அழைப்பவர்கள், வீடு தேடிச் சென்று அழைக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி, நிறை, உயரம் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிடுகிறார்கள். இந்த இரண்டு வயதுகளுக்கு இடையிலும் அதற்குப் பிறகும் உள்ளவர்களைத் தேடி ஒருவரும் வருவதில்லை. நாமாகப் போனால் திருப்பி அனுப்புவதும் இல்லை. "35க்கு மேல ஆரும் வரலாம் அக்கா, நீங்க ஏன் இவ்வளவு நாளா வரேல்ல?" என்று பதிவு மேசையில் இருந்த மிஸ்ஸி கேட்டார். எனக்குச் சொல்ல விடை இல்லை.

காலை எட்டு மணிக்குப் போனேன். முடிந்து வெளியே வரும்போது பதினொன்றரை. காத்திருந்த பதினெட்டுப் பேரில் என்னைவிட மூத்தவர் ஒருவர்தான், கிண்ணியாப் பக்கமிருந்து மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் மகளின் வற்புறுத்தலால் வந்தவர். நிறை பார்க்கும் தராசு மண்டபத்தின் நடுவிலேயே இருந்தது. என் முறை வந்தபோது எழுதுபவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக "அறுபத்தெட்டு" என்று சத்தமாகச் சொன்னார்கள். வாங்கிலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அடுத்ததாக நின்ற பெண் தன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தேன். நிறை என்பது எங்கள் பெண்கள் கூட்டத்தில் சொல்லக் கூச்சப்படுகிற எண். அந்தக் கூச்சம் ஒருவரையாவது திரும்பிப் போக வைத்தால், மற்ற எந்தப் பரிசோதனையும் அவருக்குக் கிடைக்காமல் போய்விடும். ஒரு திரைச்சீலையால் தீரக்கூடிய குறை இது.

என் உயரம் 152 சென்ரிமீற்றர். 68 கிலோ என்பது, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் உடற்றிணிவுச் சுட்டியில் (BMI) 29.4. மாதவிடாய் நின்ற வருடம் நான் 56 கிலோ. அலுவலக மேசையில் உட்கார்ந்தபடியே ஏழு வருடங்களில் பன்னிரண்டு கிலோ சேர்த்திருக்கிறேன். 25க்குக் கீழே இருந்தால் போதும் என்று எங்கோ படித்தது நினைவில் இருந்தது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். நம்மவர்களுக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுவதுதான் காரணம். எனவே இடுப்புச் சுற்றளவு முக்கியம். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. எனக்கு 94. இதை அளக்கும் நாடா கிளினிக்கில் இருந்தது, ஆனால் நான் பார்த்த அளவில் எல்லோருக்கும் அளக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்பகப் பரிசோதனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, நன்றாகச் செய்தார்கள். பெண் டொக்டர், மூடிய அறை, அவசரம் இல்லாத கைகள். அக்குளையும் கழுத்தெலும்பின் மேற்பகுதியையும் சேர்த்துத் தடவிப் பார்த்தார். வலியில்லாத கட்டி, தோலில் குழி, முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், அதிலிருந்து நீரோ இரத்தமோ கசிதல், அக்குளில் திரட்சி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்றார். மாதவிடாய் உள்ளவர்கள் அது முடிந்து சில நாட்களில் சுயபரிசோதனை செய்யலாம். எங்களுக்கு அந்தக் கணக்கு இல்லாததால் மாதத்தில் ஒரு நாளை நாமே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். நான் போயா (பௌர்ணமி) விடுமுறை நாளைத் தெரிந்துகொண்டேன். அன்று அலுவலகமும் இல்லை, மறந்துபோகவும் முடியாது.

அதன் பிறகு நடந்த கால் மணி நேரப் பேச்சுக்காகத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அக்காவைப் பற்றியும் அவருடைய மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, "பெரிய அடுப்பு நூந்து போச்செண்டு நினைக்கிறம் அம்மா, ஆனா உமியடுப்பு உள்ளுக்குள்ள புகைஞ்சுகொண்டுதான் இருக்கு" என்றார்.

மார்பகப் புற்றுநோய்களில் பல, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனின் தூண்டுதலால் வளர்பவை. மாதவிடாய் உள்ள காலத்தில் அதன் பெரும்பகுதி சூலகங்களிலிருந்து வருகிறது. ஐம்பது வயதை ஒட்டிச் சூலகங்கள் ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள், ஆண்தன்மை ஹோர்மோன்கள் என்று நாம் அழைக்கும் அண்ட்ரோஜன்களைத் தொடர்ந்து சுரக்கின்றன. கொழுப்பிழையத்தில் அரோமட்டேஸ் என்றொரு நொதியம் உண்டு. அது இந்த அண்ட்ரோஜனை எடுத்து ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. ஆகவே மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரஜன் உருவாகும் முக்கிய இடம் அவருடைய கொழுப்புத்தான். கொழுப்பு பெருகினால் ஈஸ்ட்ரஜனும் பெருகும். மார்பகமே பெரும்பாலும் கொழுப்பால் ஆனது என்பதால் அங்கேயே, பாற்கலங்களுக்குப் பக்கத்திலேயே, இந்த மாற்றம் நடக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகள் அரோமட்டேஸைத் தடுத்து அந்த உமியடுப்பை அணைக்கின்றன. சூலகங்கள் முழு வேகத்தில் இயங்கும் இளம் பெண்களுக்கு இவை தனியாகப் போதாமைக்கும் இதுவே காரணம்: அங்கே எரிவது பெரிய அடுப்பு. 1896இலேயே கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பீற்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் சூலகங்களை அகற்றிக் கட்டி சுருங்கியதைக் காட்டினார். ஈஸ்ட்ரஜன் என்ற பெயரே அப்போது இல்லை.

கொழுப்பு இன்னொரு வழியிலும் வேலை செய்கிறது. வயிற்றுக் கொழுப்பு கூடும்போது இரத்தத்தில் இன்சுலின் உயர்கிறது. இன்சுலின் உயர்ந்தால், பாலியல் ஹோர்மோன்களைக் கட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தை ஈரல் குறைவாகவே உருவாக்கும். கட்டப்பட்டிருந்த ஈஸ்ட்ரஜன் விடுபட்டு, கலங்களுக்குள் நுழையக்கூடிய சுதந்திர நிலையில் அதிகமாகிறது. ஒரு பக்கம் உற்பத்தி கூடுகிறது, மறுபக்கம் கட்டு தளர்கிறது. நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வழியைப் பெண்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு மார்பகத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இவையெல்லாம் ஊகங்கள் அல்ல. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இலும் 2003இலும் வெளியிடப்பட்ட பகுப்பாய்வுகளில், மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ட்ரஜனின் முக்கிய வகையான ஈஸ்ட்ரடையோல் இரத்தத்தில் மிகக் கூடிய ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நிறை கூடியவர்களிடம் காணப்பட்ட கூடுதல் அபாயத்தின் பெரும்பகுதியையும் இந்த ஈஸ்ட்ரஜன் அளவைக் கொண்டே விளக்க முடிந்தது. உடற்றிணிவுச் சுட்டி ஐந்து புள்ளி கூடும்போது, மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய் அபாயம் 12 சதவீதம் அளவில் உயர்கிறது என்று உலகளாவிய தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. என் உயரத்துக்கு ஐந்து புள்ளி என்பது பதினொன்றரைக் கிலோ, அதாவது ஏழு ஆண்டுகளில் நான் சேர்த்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். 12 சதவீதம் என்பதை நூறு பேரில் பன்னிரண்டு பேருக்கு வரும் என்று வாசித்துவிடக் கூடாது. ஏற்கெனவே உள்ள அபாயத்தின் மேல் அதில் எட்டில் ஒரு பங்கு ஏறுகிறது என்பதே பொருள்.

மாதவிடாய் உள்ள வயதில் இது தலைகீழ். அந்த வயதில் நிறை கூடிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. "பொதபொதவென்று இருப்பவர்களுக்கு வராதாம்" என்று எங்கள் தெருவில் உலவும் பேச்சுக்கு இது ஒரு அரை உண்மையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்நோய் அதிகமாக வருவது மாதவிடாய் நின்ற பிறகே. இளவயதில் கிடைத்த அந்தச் சிறு சலுகை அப்போது உதவிக்கு வராது.

நான் இன்னொன்றும் கேட்டேன். அக்கா என்னைவிட மெலிந்தவர்; ஒருபோதும் 52 கிலோவைத் தாண்டியதில்லை. அவருக்கு ஏன் வந்தது? டொக்டர் மழுப்பவில்லை. நிறை பல காரணிகளில் ஒன்று மட்டும். பெண்ணாய்ப் பிறந்ததும் வயது ஏறுவதும்தான் மிகப் பெரிய காரணிகள். பருவமடைந்தது முந்தியும் மாதவிடாய் நின்றது பிந்தியும் இருப்பது, பிள்ளை பெறாமை, பால் கொடுக்காமை, பரம்பரை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இவற்றில் எதுவும் இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது என்றார். மெலிந்த உடலிலும் உமியடுப்பு சிறிதாக எரிகிறது, அதனால்தான் அவருக்கும் அந்த மாத்திரை வேலை செய்கிறது. இந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அக்காவின் நோய் தெரிந்த நாளிலிருந்து, அவர் எதைச் சாப்பிட்டார், எதைச் செய்யாமல் விட்டார் என்று சொந்தங்கள் காரணம் தேடிய விதம் அவரை நோயைவிட அதிகமாக வருத்தியிருக்கிறது.

அடுத்தது என் சொந்தக் கதை. 50 வயதில் உடம்பெல்லாம் தணல் எழும்பி, இரவில் வியர்வையில் தலையணை நனைந்து, தூக்கம் இல்லாமல் அலைந்த காலத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டரோன் வகை ஹோர்மோனும் சேர்ந்த மாத்திரை தந்தார்கள். பத்து நாளில் தணல் அடங்கியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு காலத்துக்கு எடுப்பது என்று சொல்லவில்லை, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று கேட்கவில்லை, மார்பகத்தைப் பரிசோதிக்கவும் இல்லை. மூன்று வருடங்கள் மருந்துத் துண்டைக் காட்டிக் காட்டி மருந்துக் கடையில் வாங்கினேன். அக்காவின் பயொப்சி ரிப்போர்ட் வந்த வாரம் நானாகவே நிறுத்தினேன்.

இதைச் சொன்னதும் சுகவனிதையர் கிளினிக் டொக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த கலப்பு ஹோர்மோன் சோதனை 2002 யூலையில் இடைநடுவில் நிறுத்தப்பட்டதை விளக்கினார். மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகமாக இருந்தது. பத்தாயிரம் பெண்களுக்கு ஆண்டொன்றுக்கு எட்டுப் பேர் அதிகம். கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அதே ஆய்வுத் திட்டத்தில் அபாயம் கூடவில்லை. பின்னர் 2019இல், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் தரவுகளை வைத்துச் செய்த பகுப்பாய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஹோர்மோன் எடுக்காத, சராசரி நிறையுள்ள நூறு மேற்குநாட்டுப் பெண்களில் 50 வயதுக்கும் 69 வயதுக்கும் இடையில் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. கலப்பு மாத்திரையைத் தினமும் ஐந்து வருடங்கள் எடுத்தவர்களில் அது 8.3. ஐம்பது பேர் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக வரும். ஒரு வருடத்துக்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு ஆபத்து மிகச் சிறிது. நிறுத்திய பிறகு அபாயம் குறைந்தாலும், நீண்ட காலம் எடுத்தவர்களிடம் அதில் ஒரு பகுதி பத்து வருடங்களுக்கு மேலும் தங்குகிறது.

அதே பகுப்பாய்வின் இன்னொரு முடிவு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முந்திய அமெரிக்கச் சோதனையைப் போலன்றி, இதில் ஈஸ்ட்ரஜன் மட்டும் உள்ள மாத்திரையாலும் சிறிது கூடுதல் அபாயம் தெரிந்தது; ஆனால் நிறை மிகக் கூடிய பெண்களிடம் அது அநேகமாகக் காணப்படவில்லை. அவர்களுடைய உடலே அந்த ஹோர்மோனைத் தயாரித்துக்கொண்டிருப்பதால் வெளியிலிருந்து வருவது பெரிய மாற்றத்தை உண்டாக்குவதில்லை என்று விளங்கிக்கொள்ளலாம். மாத்திரையைக் கண்டு பயப்படும் நாம், அதே ஹோர்மோனை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடப்பதைப் பற்றிப் பயப்படுவதில்லை. தாங்க முடியாத தணல் உள்ளவர்கள் மாத்திரையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்து, மார்பகத்தைப் பார்த்துத் தர வேண்டிய மருந்து அது. எனக்குத் தந்தவர்கள் அந்தக் கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைய முடிவு இது: உடன்பிறந்த ஒருவருக்கு இந்நோய் இருந்தால் அபாயம் இருமடங்கை நெருங்குவதால், வைத்தியசாலையின் மார்பகக் கிளினிக்குக்கு மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்துக்காக டொக்டர் கடிதம் தந்தார். மூன்று வருட மாத்திரைக் கதையையும் அதில் எழுதினார். தனியார் ஆய்வுகூடத்தில் ஹோர்மோன் அளவு பார்க்கவா என்று கேட்டதற்கு, இதற்காக அந்தச் செலவு தேவையில்லை, தராசும் நாடாவும் போதும் என்றார்.

நிறையைக் குறைத்தால் பயன் உண்டா, காலம் கடந்துவிட்டதா என்பதே என் கடைசிக் கேள்வி. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 439 பெண்களை ஒரு வருடம் வைத்து நடத்திய சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் ஈஸ்ட்ரடையோல் 20 சதவீதமும், சுதந்திர நிலையில் உள்ள ஈஸ்ட்ரடையோல் 26 சதவீதமும் குறைந்தன. 61,335 பெண்களைப் பதினொரு வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்த இன்னொரு ஆய்வில், மூன்று வருடங்களில் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ நிறை குறைத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 12 சதவீதம் குறைவாக இருந்தது. பின்னது அவதானிப்பு ஆய்வு என்பதால் நிறை குறைந்ததுதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முன்னதையும் பின்னதையும் சேர்த்துப் பார்த்தால் திசை தெளிவாகத் தெரிகிறது. எனக்கு ஐந்து சதவீதம் என்பது 3.4 கிலோ. பன்னிரண்டு கிலோவை நினைத்தால் மலைப்பாக இருந்த எனக்கு இந்த எண் கைக்கு எட்டுவதாக இருந்தது. டொக்டர் கிளினிக் கொப்பியில் 64.6 என்று எழுதி வட்டமிட்டார்.

உணவு பற்றிய அறிவுரை மிஸ்ஸியிடமிருந்து வந்தது, அதற்குத் தனியாக ஒரு பாராட்டு. எங்கள் அடுப்பங்கரையை அறிந்த ஒருவர் பேசுகிற பேச்சு அது. ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய் என்றெல்லாம் தொடங்காமல், ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று முதலில் கேட்டார். காலையில் புட்டும் தேங்காய்ப்பூவும், பத்து மணிக்குச் சீனி போட்ட பால்தேநீரும் ஒரு பற்றீஸும், மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, பின்னேரம் மறுபடி தேநீரும் பிஸ்கட்டும், இரவு இடியப்பமும் சொதியும். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரையும் மரக்கறியும் வைக்கச் சொன்னார். மீனைப் பொரிக்காமல் குழம்பாகவோ தீயலாகவோ வைக்கச் சொன்னார். பத்து மணிப் பற்றீஸையும் தேநீர்ச் சீனியையும் முற்றாக நிறுத்தச் சொன்னார். புட்டில் தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்தால் போதும், புட்டையே விட வேண்டாம் என்றபோது எனக்கு உயிர் வந்தது.

நடை, வாரத்துக்கு 150 நிமிடங்கள். டச்சுபே கடற்கரை மணலில் பின்னேரம் நடந்து பார்த்தேன். கால் புதைகிறது, சனமும் அதிகம். இப்போது காலை ஐந்தரைக்குப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி, மான்கள் படுத்திருக்கும் புல்வெளியைக் கடந்து, கோணேசர் கோவில் ஏற்றத்தில் ஏறித் திரும்புகிறேன். ஏற்றத்தில் பேச முடிகிறது, பாட முடிவதில்லை. மிஸ்ஸி சொன்ன வேக அளவும் அதுவே. கோவிலுக்குப் போகும் வழி என்பதால், அந்த நேரத்தில் ஒரு பெண் தனியாக எங்கே போகிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

குறைகளில் தராசைச் சொல்லிவிட்டேன். அடுத்தது துண்டுப் பிரசுரங்கள். கருப்பைக் கழுத்துக்கும் மார்பகச் சுயபரிசோதனைக்கும் தமிழில் நல்ல தாள்கள் இருந்தன; மாதவிடாய் நின்ற பிறகு நிறையும் ஹோர்மோனும் எப்படித் தொடர்புபடுகின்றன என்பதைச் சொல்ல ஒரு தாளும் இல்லை. மூன்றாவதுதான் பெரிய குறை. என் அட்டையில் நிறைக்கு ஒரு கட்டம், மார்பகத்துக்கு ஒரு கட்டம், சீனிக்கு ஒரு கட்டம் தனித்தனியாக இருந்தன. அவை மூன்றும் ஒரே கதையின் பகுதிகள் என்று எனக்குத் தெரிந்தது, அக்காவின் மாத்திரையைப் பற்றி நான் வாய் திறந்து கேட்டதால்தான். கேட்காத பதினேழு பேர் தங்கள் நிறையையும் சீனி அளவையும் மட்டும் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். டொக்டருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் நாங்கள் அந்த மூன்றரை மணி நேரத்தின் பெரும்பகுதி சும்மா வாங்கிலில் இருந்தோம். அந்த நேரத்தில் ஒரு மிஸ்ஸி மண்டபத்தில் நின்று பத்து நிமிடம் இதைச் சொல்லியிருக்கலாம். இதை எழுதி யோசனைப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு இரண்டாம் தடவை போனபோது நிறை 64.9, இடுப்பு 89. வட்டமிட்ட எண்ணுக்கு இன்னும் முந்நூறு கிராம் இருக்கிறது. மமோகிராமில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்ற ரிப்போர்ட்டையும் காட்டினேன். தராசு அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. மிஸ்ஸி தானே குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு: உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள், எட்டு மணிக்கு முன் போங்கள், இரத்தச் சீனிக்காகச் சாப்பிடாமல் போய்க் கையில் ஏதாவது எடுத்துச் செல்லுங்கள், அடையாள அட்டையை மறக்க வேண்டாம். முன்னால் திறக்கும் சட்டையோ பாவாடையும் பிளவுசுமோ அணிந்தால் பரிசோதனைக்கு வசதி. எடுத்த மாத்திரைகளின் பழைய மருந்துத் துண்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். அடுத்த தடவை என்னோடு மச்சாளும் வருகிறார். அவருக்கு 61 வயது, சீனி வருத்தம் பத்து வருடமாக இருக்கிறது, மார்பகத்தை இதுவரை ஒருவரும் பரிசோதித்ததில்லை.